ஃப்யூரேக்கு வைத்த பால்சோறு

ஜூலைக் கடைசியில் ஒரு காலை, லா ஷப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் பின்முற்றத்தில் வெங்காயச் சாக்கை இழுத்தேன். பின்னாலிருந்து ஒரு நீட்டு உடம்புக்காரன் தலையை நீட்டினான். வெளிர்மஞ்சள் மயிர், கறுப்புக் கண், குட்டைக் கால். எலியென்று தும்புத்தடியைத் தூக்கினேன். ஓடவில்லை. நின்று என்னைப் பார்த்துச் சீறினான்.

முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். எட்டிப் பார்த்துவிட்டு, "கீரியக்கா! கீரியில முழிச்சா நல்லது, கலைக்காதேங்கோ" என்றார். பாரிசில் எங்கேயப்பா கீரி? ஆனால் எனக்கும் வேறு பெயர் தெரியவில்லை.

பெயர் சொன்னவர் மேல்மாடிப் பாண்டிச்சேரி ஐயா. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர், தனிக்கட்டை. "கீரியாவது! இது ஃப்யூரேம்மா, கீரி மாதிரியே ஒரு வளர்ப்புப் பிராணி. ஆசைக்கு வாங்குவாங்க, வக்கான்ஸ் லீவு வந்தா தெருவுல விட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. ரயில் பாதையோரம் பொறந்த காட்டு ஜாதியாவும் இருக்கலாம், யாரு கண்டா?"

பிறகு சுவரோரமிருந்த கறுப்புப் பெட்டிகளைக் காட்டினார். "அதுல எலிமருந்து வெச்சிருக்காங்க. மருந்து தின்ன எலியை இது தின்னா இதுவும் காலி. தினம் வயிறு நெறைய இறைச்சி போடுங்க, எலிகிட்டப் போகாது. இறைச்சி மட்டும்தான், பால் கீல் வேணாம். கையில தூக்குற அளவுக்குப் பழகிட்டா வெத்தெரினேர், அதான் மிருக டாக்டர்கிட்டக் கொண்டுபோயிடலாம், பொழைச்சுக்கும்."

கூண்டும் வைத்துப் பார்த்தோம். உள்ளேயிருந்த ஈரலைத் தூக்கிக்கொண்டு வந்தவழியே போய்விட்டான், கெட்டிக்காரன். ஆகவே பழக்குவதைத் தவிர வழியில்லை. அந்த வேலையை நான் எடுத்தேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. லெ பிளாங்-மெனிலில் என் வீட்டுக் கதவை நான் திறந்தால் ஒரு தலையும் நிமிராது. மனுசன் டெலிபோனைப் பார்த்தபடி "சாப்பாடு?" என்பார். மகளிடம் தமிழில் ஏதும் கேட்டால் பிரெஞ்சில் ஒரு சொல் வரும், அதோடு கதை முடிந்தது. இவனையாவது என்னிடம் வரவைக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது தேவையாக இருந்தது.

கடை திறக்க ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிடுவேன். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கோழி ஈரலை நீளமாக வெட்டி அகப்பைக் காம்பில் நீட்டுவேன். முதல் கிழமை பறித்துக்கொண்டு ஓடினான். பிறகு விரலில் நீட்டினேன். இரண்டு தரம் பெருவிரலைத் துளைத்தான். கையை இழுத்தால் பயம் கூடும் என்று ஐயா சொல்லியிருந்தபடியால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் ரப்பர் கையுறை ஒன்றைக் களவெடுத்துக் குப்பைத்தொட்டி அறைக்குள் கொண்டுபோய் ஒளித்தான். "கள்ளப்பயலே, மற்றதையும் கொண்டுபோவன்!" என்று ஏசினேன். அந்த முற்றத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நாலாம் கிழமை உள்ளங்கையில் வைத்ததைத் தின்றான். முதுகைத் தடவ விட்டான். தூக்கப் போனால் மட்டும் நழுவினான். இன்னும் ஒரு கிழமை போதும் என்று ஐயா சொன்னார்.

அப்போதுதான் பிள்ளையாருக்குக் கொடியேறியது. ரூ பஜோல் தெருக் கோயில் தேர் எங்கள் கடை வாசலால் வரும். "அக்கா, தேர் முடியுமட்டும் கடைப்பக்கம் மச்சமாமிசம் வேண்டாம். நிறைகுடம் வைக்கிறது உங்கடை கையெல்லே" என்றார் முதலாளி. அவர் சொல்லாவிட்டாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். இந்த ஊருக்கு வந்த நாள்முதல் கொடியேறினால் என் வீட்டில் முட்டைகூட இல்லை. ஈரல் அளைந்த கையால் குடத்துக்கு மாவிலை வைக்கலாமா?

விசயத்தைச் சொன்னதும் ஐயா, "அதுக்கென்ன, நான் போடுறேன். எனக்கா விரதம்?" என்றார்.

இந்த இடத்தில்தான் என் விரதத்தின் அழகைக் கேளுங்கள். அவர் பத்து நாள் போட்டால் அவன் அவரோடு போய்விடுவான். நான் கடிபட்டுப் பழக்கியவன் வேறொரு கையை முகர்ந்துகொண்டு போவான். வயிறு எரிந்தது. "வேண்டாம் ஐயா, பக்கத்துக் கோழிக்கடையில சொல்லிட்டன், அவை போடுவினம்" என்றேன். கோழிக்கடைக்காரரோடு நான் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில்!

ஐயாவின் கண்ணில் படாமல், இன்னும் விடியவே வந்து பால்சோறு வைத்தேன். முதல் நாள் மணந்து பார்த்தான். அடுத்த நாள் பசியில் கொஞ்சம் தின்றான், வயிற்றால் போனது. பிறகு கோப்பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆறாம் நாள், வாயில் எலியோடு சுவரோரம் ஓடினான். என் கண்ணால் கண்டேன். அப்போதாவது மேலே ஏறிப்போய் ஐயாவின் கதவைத் தட்டியிருக்கலாம். எல்லா எலியுமா மருந்து தின்றிருக்கும், இன்னும் நாலு நாள்தானே, பிள்ளையார் பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெண்டிக்காய் அடுக்கப் போனேன். கண்டறியாத விரதம்!

தேரன்று பட்டுச்சேலை உடுத்து, வாசலில் நிறைகுடம் வைத்து, சிதறுதேங்காய்களை மலையாகக் குவித்தேன். முகம் கழுவப் பின்முற்றத்துக்குப் போனபோது அவன் தானாக வந்தான். நான் கையில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. பெட்டியில் உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல என் மடியில் ஏறிச் சுருண்டான். இரண்டு கையாலும் தூக்கினேன், நழுவவில்லை. ஐயோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நாதஸ்வரம், என் மடியில் அவன்.

"ஐயா! ஓடி வாங்கோ, பழகிட்டுது! மடியில ஏறிட்டுது!" என்று கத்தினேன்.

ஐயா இறங்கி வந்தார். அவன் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். பல்முரசு கடதாசிபோல வெளுத்திருந்தது. மூக்கடியில் இரத்தம் கசிந்து என் சேலையில் பட்டிருந்தது.

"பழகலம்மா," என்றார். "ஓட முடியல."

ஞாயிற்றுக்கிழமை. தேருக்காகத் தெருவெல்லாம் மூடியிருந்தது, கார் வர வழியில்லை. தூக்கிக்கொண்டு கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் நடந்து டாக்ஸி பிடிப்போம் என்று ஐயா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வருவதற்குள் மடியில் பாரம் மாறிவிட்டது, மூச்சில்லை. வெளியே தேங்காய்கள் உடைந்துகொண்டிருந்தன. "அக்கா, தேர் வந்திட்டுது!" என்று முதலாளி கூப்பிட்டார்.

ஐயா என் பக்கத்தில் குந்தி, துண்டொன்றால் அவனை மூடினார். "அழாதீங்கம்மா. நீங்க எவ்வளவோ பண்ணீங்க. கோழிக்கடைக்காரங்கதான் ஒழுங்கா போடல போலிருக்கு. நம்பிக் கொடுத்தோமே, பாவிங்க."

"ஓம் ஐயா," என்றேன்.