தலையணையோடு முதல் நடை

வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் மாடியேற்றுவதுதான் அவர் தொழில். ஒற்றை ஆளாக ஒரு பீரோவை முதுகில் ஏற்றி மூன்று மாடி ஏறிய நாளிலிருந்து அவருக்கு பீரோ என்றே பேர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் அடிக்கடி வரும்.

கொஞ்ச காலமாக பீரோவுக்கு ஒரு சங்கதி பிடிபட்டிருந்தது. காலையில் முதல் நடை ஏறும்போது யாரோ முழங்கையை வைத்து நெஞ்சை அழுத்துவதுபோல் இருக்கும். படியில் உட்கார்ந்தால் விட்டுவிடும். அடுத்தடுத்த நடைகளில் வலி எட்டிக்கூடப் பார்க்காது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் திரும்ப வரும், அதுவும் ஒரே ஒரு நடைக்கு. புத்தியுள்ள மனுஷன் டாக்டரிடம் போவான். இவர் முதல் நடையை வெறும் தலையணையோடு ஏறப் பழகிக்கொண்டார். வலி கேட்பது ஒரு நடை, அதைக் கொடுத்துத் தொலைத்தால் பிறகு எதையும் தூக்கலாம் என்பது அவர் கணக்கு. கூட வேலை செய்தவர்கள் அதை ராசி என்று நினைத்தார்கள். ஒருவர் தானும் தலையணையோடு ஆரம்பித்தார்.

ஒருநாள் படியில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். டாக்டர் சரி என்றால்தான் இனி சுமை, இல்லையென்றால் கிடங்கில் காவல் என்று சொல்லிவிட்டார். கிடங்கில் உட்கார பீரோ தயாராக இல்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை மூன்றாவது மாடியில். ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவைத்து, இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"நீ லிஃப்ட்ல போ. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்று மனைவியை அனுப்பினார். டீயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விறுவிறுவென்று படியேறினார். இரண்டாவது மாடியில் வலி வந்தது. உட்கார்ந்து அதை வழியனுப்பிவிட்டு உள்ளே போனார். பட்டையில் நடந்தார், வேகமாக நடந்தார், புன்னகைத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், அநேகமாக அவரும். வீட்டுக்கு வந்ததும் தன் சாமர்த்தியத்தை மனைவியிடம் அளந்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவர் கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றி, டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். மறுபடி பட்டையில் ஏற்றினார்கள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பீரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இதயத்துக்கு ரத்தம் சரியாப் போகல," என்றார் டாக்டர். "ஒரு தடவை பட்டினி கிடந்ததும், அடுத்த தடவை சிக்கனமா ஓட்டிக்குது. கொழுப்பை எரிக்க ஆக்ஸிஜன் ஜாஸ்தி வேணும், அதனால சர்க்கரைக்கு மாறிக்குது. ஒரு பக்கத்துத் தசை வேலையவே குறைச்சுக்கிட்டிருக்கு. அது செத்துப் போகல. ரத்தம் கிடைச்சா மறுபடி வேலை செய்யலாம். ஆபரேஷன் பண்ணணும்."

"அதான் பழகிடுச்சே சார். அப்படியே விட்டுடலாமே?"

"அந்தப் பழக்கம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ரத்தக் குழாய் முழுசா அடைச்சுக்கிட்டா எதுவும் காப்பாத்தாது."

"அப்புறம் சுமை தூக்கலாமா?"

"அதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு பீரோ வெளியே வந்தார். திட்டு விழும் என்று காத்திருந்தார். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "தினம் காலையில நீங்க யாரோ வீட்டுப் படியில நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே, அந்நேரம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு யோசிக்கிறேன். துணி காயப் போட்டுட்டிருந்திருப்பேன். பாட்டுகூடப் பாடியிருப்பேன்."

பீரோ திரும்பிப் போய் டாக்டரின் கதவைத் தட்டினார்.

"தேதி சொல்லுங்க சார்."