சூடாக இருந்த விரல்

டாக்டர், நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தப் பெண்ணின் விரல் குளிர்ந்திருக்கவில்லை. பிடித்துப் பார்த்தவள் நான்.

தென்காசியில் நீங்கள் மயக்க மருந்து கொடுத்த ஆபரேஷன் தியேட்டரில் ஒன்பது வருஷம் நர்ஸாக நின்றேன். ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் காலையில் குற்றால அருவியில் தலை நனைத்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். சாரல் காலத்தில் அவர்கள் விரல் ஐஸ் மாதிரி இருக்கும். ரத்தம் சரியாக ஓடாத விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டினால் மானிட்டருக்கு என்ன தெரியும்? ஆக்சிஜன் எண்பத்திரண்டு என்று கத்தும். ஆள் நன்றாகத்தான் இருப்பார். ரப்பர் கையுறையில் வெந்நீர் நிரப்பி உள்ளங்கையில் வைப்பேன். எண் தொண்ணூற்றெட்டுக்கு ஏறிவிடும். "மெயினருவிய கையோட கொண்டாந்துட்டாவ" என்பீர்கள். எல்லோரும் சிரிப்போம். அப்படித்தான் மானிட்டரை நம்பாமல் இருக்கப் பழகினோம்.

அந்தப் பெண்ணுக்குப் பண்பொழி ஊர். பித்தப்பை ஆபரேஷன். அவளையும் புருஷன் அருவிக்குக் கூட்டிப்போயிருந்தார். பாதி ஆபரேஷனில் மானிட்டர் கத்தியது. எண்பத்து நான்கு.

"சீசன்லா சிஸ்டர், அப்படித்தான் காட்டும். சத்தத்த அமத்துங்க" என்றீர்கள்.

அமர்த்தினேன். அதை மறைக்கவில்லை. வெந்நீர்க் கையுறையும் வைத்தேன். விரல் சூடேறியது. எண் ஏறவில்லை, இன்னும் இறங்கியது.

"டாக்டர், வெரல் சூடாத்தான் இருக்கு."

"ஒம்பது வருஷமா பாக்கீங்க, இன்னைக்குத்தான் புதுசா பயப்படுதீங்களோ?"

கையுறையில் வெந்நீரை மாற்றினேன். சர்ஜன் முகத்துத் துணியை விலக்கச் சொன்னபோது அவள் உதடு நீலமாக இருந்தது. மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாய் நழுவியிருந்தது.

உயிர் இருக்கிறது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை.

அருவியில் குளித்துக் கை விறைத்ததால் மானிட்டர் ஏமாற்றிவிட்டது என்று புருஷனிடம் சொன்னீர்கள். அவர் என்னைப் படிக்கட்டில் மறித்தார்.

"நான் குளிக்க வச்சதுதான் காரணம்னு டாக்டர் சொல்லுதாவ. நெசமா சிஸ்டர்?"

விலகிப் படி இறங்கிவிட்டேன். வேலையை விட்ட பிறகு அவர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். குற்றாலம் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறுவதில்லை.

தென்காசி டாக்டர்கள் கூடுகிற அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். சத்தத்தை அமர்த்திய கை என்னுடையது என்று நான் எழுந்து சொல்கிறேன். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்து மைக்கில் பதில் சொல்லுங்கள். விரல் சூடாக இருந்ததா, இல்லையா?