முழங்காலில் நடந்த சண்டை

மற்ற வீடுகளில் சண்டை என்றால் தட்டு பறக்கும், கதவு அறைபடும். எங்கள் வீட்டில் பாய் விரித்து, முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சண்டை போடுவார்கள். நடுவில் ஆண்டவரை இழுத்து வைத்துக்கொள்வார்கள். பாவம் அவர். அவரைவிடப் பாவம் நான். அவருக்காவது பசி கிடையாது.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு அப்பா, அம்மா, நான் என்று வரிசையாக ஜெபிக்க வேண்டும். கடைசியில் பரமண்டல ஜெபம். அது முடிந்தால்தான் சோறு. கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய சோலி. நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் மட்டும் ஒருநாள்கூட அது ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. காரணம், சித்தி.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். படிக்க வைத்ததும் மாப்பிள்ளை பார்த்ததும் அப்பாதான். அப்பா போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் மேஸ்திரி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சபையில் மூப்பர் வேறு. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். சித்திக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், குரங்கணிப் பாதையில் ஜீப்பு ஓட்டுகிற ஒருவரோடு அவள் கிளம்பிப் போய்விட்டாள். அப்பா போதகர் வீட்டு வாசலில் நின்று, நாளைக்கு வாசிக்க வேண்டாம் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு வீட்டில் சித்தியின் பெயரைச் சொல்வது நின்றது.

அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் நின்றது. காப்பி, குடை, சாவி என்று ஒற்றைச் சொல்லில் வீடு ஓடியது. மற்றதெல்லாம் பரலோகம் வழியாகத்தான்.

அப்பா ஆரம்பிப்பார். “அன்புள்ள பிதாவே, சோறு போட்ட வீட்டைச் சந்தி சிரிக்க வைத்தவர்களுக்காக இந்த வீட்டில் ஒளிந்து ஒளிந்து அழுகிறவர்களைக் கண்ணோக்கிப் பாரும்.” அம்மா விடுவாளா? “கர்த்தாவே, ஸ்தோத்திரம். ஊர் சிரிப்பதைப் பெரிதாகவும் ஒரு பிள்ளையின் உயிரைச் சிறிதாகவும் நினைக்கிற இருதயங்களை நீரே உடைத்தருளும்.” அடுத்தது என் முறைதானே? இல்லை. அப்பா தொண்டையைக் கனைத்து, “இன்னும் ஒரு விண்ணப்பம் ஆண்டவரே” என்று மறுபடி தொடங்குவார். அதற்கு அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கும். ஆத்தாடி, ஆளுக்கு மூன்று சுற்று! ஸ்டோரில் காயைப் பொறுக்குவதைப் போல அப்பா அம்மாவின் குற்றங்களைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரித்துப் பிரித்து ஆண்டவர் முன்னால் கொட்டுவார். அடுக்களையில் ரசம் ஆறிப் பச்சைத் தண்ணீராகும். பக்கத்து வீட்டுப் பாயம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, “என்ன பாப்பா, ஒங்க வீட்ல தொழுகை தெனமும் இம்புட்டு நேரம் நடக்குது? யாருக்கும் மேலுக்கு முடியலையா?” என்று கவலையாகவே கேட்டார்.

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. சித்தி மாசமாக இருக்கிறாள், எட்டு மாதம் முடிந்துவிட்டது என்று சந்தையில் யாரோ சொல்லி அம்மாவின் காதுக்கு வந்தது. குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்குக் கட்டிய லயன் வீட்டில் இருந்தாள் அவள். பாதையில் மண் சரிந்தால் ஜீப்பு ஏறாது. அங்கே வலி எடுத்த பெண்களை டோலி கட்டித் தூக்கி இறங்குவார்கள். அதற்கு முந்தின மழையில் அப்படி இறக்கிய ஒருத்தியின் குழந்தை வழியிலேயே போய்விட்டது. அம்மாவுக்கு இந்த நினைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

“மலையில இருக்கிற பிள்ளை பத்திரமாக இறங்கி வர வழியைத் திறந்தருளும் கர்த்தாவே. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவர்களை நீரே நகர்த்தும்.” இது அம்மா.

“வழி திறந்துதான் இருக்கிறது பிதாவே. தப்பை உணர்ந்து வருகிறவர்களுக்கு இந்த வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை என்பதை நீர் அறிவீர்.” இது அப்பா.

ஒரு மாசம் இதேதான். ஒருநாள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பு வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது, இவர்களோ நாலாவது சுற்றில் இருக்கிறார்கள். கடைசியில் என் முறை வந்தது. இந்த நாளுக்காக நன்றி, படிப்பில் ஞானம் தாரும் என்று இரண்டு வரி மனப்பாடமாக வைத்திருந்தேன். அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

“ஏசப்பா, அப்பாவும் அம்மாவும் ஒங்ககிட்டப் பேசல. அவுகளுக்குள்ளயே பேசிக்கிறாக. எனக்குப் பசிக்குது, முட்டி வலிக்குது. சித்தி வந்தாத்தான் இவுக ரெண்டு பேரும் வெரசா முடிப்பாக. அவள வெரசாக் கொண்டாங்க. ஆமென்.”

கண்ணை மூடியபடியே அம்மா என் தொடையைக் குறி தவறாமல் கிள்ளினாள். அப்பாவிடமிருந்து அறை விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அவர் பரமண்டல ஜெபம் சொல்லாமல் எழுந்து போய் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட வரவே இல்லை. நான் சாப்பிட்டேன். அவர் பங்குக் கருவாட்டையும் சேர்த்தே சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா ஸ்டோருக்கு லீவு சொல்லிவிட்டு, சபைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, “மலைக்குப் போறேன்” என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. கட்டிலைத் துடைத்தாள், புதுப் போர்வை விரித்தாள், வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். இருட்டுகிற நேரத்துக்கு அப்பா வந்தார், தனியாக. முழங்கால்வரை செம்மண், கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம்.

“வரமாட்டேங்குறா” என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை அது.

“நீங்க என்ன சொன்னீக?”

“தப்ப ஒத்துக்கிட்டு வான்னேன். ‘மச்சான், நீங்க என்னைக் கூப்பிட வரல, தீர்ப்புச் சொல்ல வந்திருக்கீக’ன்னுட்டா.”

அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஏழு மணிக்கு ஜெபம். பாட்டு சுருதி சேராமல் முடிந்தது, அதிகாரம் வாசித்தோம், முட்டி போட்டோம். அப்பா, “பிதாவே” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு கண்ணைத் திறந்தேன். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை அதன்மேல் கவிழ்த்திருந்தார். தோள் குலுங்கியது. மலைக்காற்றில் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பேசி ஜெபித்தாலாவது எங்கே இருக்கிறார், எப்போது முடிப்பார் என்று ஒரு தோராயம் கிடைக்கும். வாயே திறக்காமல் இருப்பதற்கு எதற்கு முட்டி போட வேண்டும்? அம்மாவும் தன் முறையை எடுக்கவில்லை. எவ்வளவோ நேரம் கழித்து அவர் முதுகில் கை வைத்து, “எந்திரிங்க, சாப்பிடலாம்” என்றாள். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. என் முறை வரவே இல்லை. கிள்ளு வாங்கிய பயத்தில் நல்லதாக ஒரு ஜெபம் தயார் பண்ணி வைத்திருந்தேன், எல்லாம் வீண்.

விடிந்ததும் அப்பா மறுபடி மலைக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் சித்தி ஜீப்பின் முன்சீட்டில் வந்து இறங்கினாள். சித்தப்பா மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி வந்திருந்தார். பதினோராம் நாள் போடி பெரியாஸ்பத்திரியில் பையன் பிறந்தான். குழந்தை குறுக்கே கிடந்ததாம், வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மலையிலேயே இருந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று நர்சம்மா சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டதும் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். என் ஜெபத்தை ஆண்டவர் இரண்டே நாளில் கேட்டுவிட்ட கதையை, கருவாட்டை மட்டும் விட்டுவிட்டு, பெருமையாகச் சொன்னேன். டீச்சர் என்னைத் தட்டிக்கொடுத்து, “வீட்ல எல்லாரும் சேந்து ஜெபிச்சீங்களாம்மா?” என்று கேட்டார்.

“நான் ஜெபிச்சேன் டீச்சர், அம்மா ஜெபிச்சாக. அப்பாதான் ஜெபிக்கவே இல்ல. சும்மா முட்டி போட்டுக் குனிஞ்சிருந்தாரு. நீங்களாச்சும் அவருகிட்டச் சொல்லுங்க டீச்சர்” என்று அவர்மேல் கோள் சொல்லிவிட்டு, எல்லாருடைய கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.