போர்டுக்குத் தைத்த உறை

2006-இல் அருள்புரம் பக்கத்து பாலிடெக்னிக் ஒன்றில் நான், பெருமாள்சாமி, எலக்ட்ரானிக்ஸ் லேப் வாத்தியார். பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகுகிற சிப் பதித்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கும் பொறுப்பு கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் கையில் எதுவும் ஒரு வருஷம் தாங்காது என்பது என் கட்சி. அதனால் கோயம்புத்தூர் கடைக்காரர் கண்முன்னாலேயே மூன்று போர்டுகளை மேசையிலிருந்து கீழே தள்ளிவிட்டேன். சப்ளை ஒயரை மாற்றிச் செருகியும் பார்த்தேன். அவர் முகம் போன போக்குக்கெல்லாம் நான் அசரவில்லை. எல்லாவற்றையும் தாங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் இருபது வாங்கினோம்.

அத்தோடு நின்றிருக்கலாம். தூசி படக்கூடாதென்று, பனியன் கம்பெனியில் டெய்லரான என் மனைவி கமலாம்பாளிடம் சொல்லி, அங்கே மிஞ்சிய பாலியஸ்டர் துணியில் இருபது உறை தைத்து வாங்கினேன். "போர்டுக்கு எதுக்குங்க சட்டை?" என்று கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்றேன்.

தை மாதம் காற்று வறண்டது. ஒரே வாரத்தில் நாலு போர்டு செத்தன. நாலையும் தொட்டவள் ஆஷா. தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். படிக்கிற ஆசையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, உறையிலிருந்து போர்டுகளை உருவி மேசை மேசையாக வைப்பவள் அவள்தான். "உன் கை பட்டாலே சிப் போயிருது கண்ணு. இனி நீ தொடாதே" என்று வகுப்பே கேட்கச் சொன்னேன். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நோட்டில் எழுதினாள்.

அதன்பிறகு போர்டுகளை நானே எடுத்து வைத்தேன். மேலும் மூன்று செத்தன. எட்டாவதை உருவும்போது விரலில் சுரீரென்றது, கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. பாலியஸ்டர் உறையில் உரசி ஏறிய நிலைமின்சாரம்தான் சிப்பைக் கொன்றிருக்கிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, வருஷாவருஷம் அதே பாடத்தை நடத்துகிற மேதாவி நான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டதுமில்லாமல், பழியை ஒரு பெண்பிள்ளை மேல் போட்டிருக்கிறேன். வெட்கத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "ஏழு போர்டையும் கொன்னது நான் தெக்கச் சொன்ன பாலியஸ்டர் உறைதானுங்க. ஆஷா இல்லை." பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான். ஆஷா சிரிக்கவில்லை. அவளை முன்னால் அழைத்து, நல்ல போர்டு ஒன்றை நீட்டினேன். அவள் உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், வாங்கவில்லை.

"இதுவும் போயிட்டுன்னா சார்?" என்றாள்.