இடப்பக்கத்துத் தோட்டா

என் மேசை இழுப்பறையில் ஒரு ரைபிள் தோட்டா கிடக்கிறது. விரல் நீளம், பித்தளை உடம்பு, முனையில் மட்டும் கொஞ்சம் ஈயம். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கட்டைவிரலால் தடவினாலே அந்த ஈயம் தெரிந்துவிடும். தடவிப் பார்க்க வேண்டிய நாளில் நான் தடவவில்லை.

என் இருபதுகளில் ரங்கூனில் ஒரு துப்பாக்கிக் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். கொசுவைத் தவிர எதையும் கொன்றதில்லை. ஆனாலும் வேட்டைக்காரர்களுக்கெல்லாம் நான்தான் யோசனை சொல்வேன். ஒருநாள் நம்மவரான காட்டிலாகா சர்வேயர் ஒருவர் வந்தார். கூடவே அவருக்குக் காட்டில் தடம் பார்த்து வழிகாட்டும் பர்மியர். சர்வேயர் அவரை "ஆக்கோ" என்றுதான் கூப்பிடுவார். பர்மிய மொழியில் அண்ணன். கடையின் கனத்த கண்ணாடிக் கதவைத் தானே பிடித்திருந்து, ஆக்கோ உள்ளே வந்தபிறகுதான் விட்டார்.

"லைசென்ஸ் ஒரே ரைபிளுக்குத்தான் தம்பி. கேளையாட்டுக்கும் அதான், காட்டெருமைக்கும் அதான். எதை எடுக்கலாம்?"

எனக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. சின்னத் தோட்டா காட்டெருமைக்குக் கோபத்தை மட்டும்தான் உண்டாக்கும், பெரியது கேளையாடு மாதிரிச் சின்ன மானில் கறியே மிச்சம் வைக்காது என்று அளந்துவிட்டு, நடுத்தரமான 375 ரைபிளை எடுத்து வைத்தேன். அதில் இரண்டு வகைக் குண்டு உண்டு. ஈயமுனை, உடம்புக்குள் விரிந்து அங்கேயே நின்றுவிடும், மான்களுக்கு அது. முழுக்க உலோக உறை போட்ட கெட்டிக்குண்டு எலும்பையும் துளைத்து மறுபக்கம் போய்விடும், காட்டெருமைக்கு அது. அவருடைய பெல்ட்டில் வலப்பக்கம் ஈயமுனை, இடப்பக்கம் கெட்டிக்குண்டு என்று, பேசிக்கொண்டே நானே செருகிக் கொடுத்தேன். ஆக்கோ சிரித்தபடி பர்மியத்தில் ஏதோ கேட்டார். சர்வேயர் தமிழில் சொன்னார்:

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, கலந்துடாதான்னு கேக்கிறாரு."

"நான் அடுக்கினா கலக்காதுங்க" என்றேன்.

ஒரு மாதம் கழித்து, நல்ல வெயில் வேளையில், சர்வேயர் தனியாக வந்தார். உள்ளே நுழைந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஆள் நிதானமாக உள்ளே வரும் நேரம். பிறகு விட்டார். யாரும் வரவில்லை.

பெல்ட்டை மேசைமேல் போட்டார். "கடமானைச் சுட்டேன். குண்டு அதுக்குள்ள நிக்கல. பின்னால புதருக்குள்ள ஆக்கோ இருந்திருக்காரு. அங்கயே போயிட்டாரு." தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். "வலப்பக்கம் உருவினதாத்தான் ஞாபகம். என் கையே மாத்தி எடுத்திருக்கு. அப்புறம் இந்தப் பெல்ட்ட நான் தொடவே இல்ல. நீயே வச்சுக்க."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இடப்பக்கத்துத் தோட்டாக்களைக் கட்டைவிரலால் தடவினேன். கெட்டி, கெட்டி. மூன்றாவதில் ஈயம். அப்படியானால் அங்கே இருக்கவேண்டிய கெட்டிக்குண்டை நான்தான் வலப்பக்கம் செருகியிருக்கிறேன். அவர் கை தவறவே இல்லை. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் அந்தத் தோட்டாவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "விடுங்க ஐயா, விதி" என்றேன். என்னைப் போல் ஒரு கோழை அந்தக் கடையில் அதற்கு முன் வேலை பார்த்திருக்க மாட்டான்.

போகும்போதும் கதவைப் பிடித்து, யாரையோ முன்னால் போகவிட்டுத்தான் அவர் வெளியேறினார். அதற்குப் பிறகு, யார் தனியாக வந்தாலும் அந்தக் கதவு தாமதமாகத்தான் மூடியது. முதலாளி மூன்று முறை எண்ணெய் விடச் சொன்னார். பயனில்லை.

சர்வேயர் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசிவரை தன் கையையே நொந்துகொண்டு. கடையும் இப்போது இல்லை. ரங்கூனின் தாமுவே பகுதியில் என் வீட்டுக் கதவு வெறும் பலகை, தள்ளினால் மூடிக்கொள்ளும். ஆனாலும் வெளியே போய் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"யாருங்க கூட வந்திருக்கிறது?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்கிறாள்.

நான் நேரே போய் இழுப்பறையைத் திறந்து கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன். ஈயம்தான்.