அலமாரிக்கு ஓரம் ஒட்டிய மத்தியானம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் அசையாமல் நின்றிருந்தோம். யாராவது பார்த்திருந்தால் பூகம்பமோ என்று பயந்திருப்பார்கள்!

அலமாரி நானே செய்தது. பாங்க் குமாஸ்தாவுக்கு இந்த வேலை தேவையா? ஆபீஸில் எல்லோரும் கேட்டாகிவிட்டது, நீங்களும் கேட்க வேண்டாம்.

என் தங்கை சாந்திக்காகச் செய்தேன். ‘நாலு நாள் இருந்துட்டுப் போறேண்ணா’ என்று வடபழனியிலிருந்து பெசன்ட் நகருக்கு வந்தவள். அந்த நாலு நாள் மாதக்கணக்கில் நீண்டுவிட்டது. மாப்பிள்ளை அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. பேச மாட்டார்... அவ்வளவுதான். கோபம் வந்தால் வாரக்கணக்கில் மௌனம். என்ன கோபம் என்று கேட்டால் அதற்கும் மௌனம்.

அவள் சூட்கேஸிலிருந்தே தினம் ஒரு புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் பிளைவுட் வாங்கிவிட்டேன். (இதையெல்லாம் அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

அலமாரியின் பெட்டி நின்றது. தட்டும் நின்றது. ஆனால் பிளைவுட்டின் ஓரம் இருக்கிறதே – பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக, சிலாம்பு சிலாம்பாக! சாந்தி புடவையை வைத்த உடனேயே ஒரு நூலைப் பிடித்து இழுத்தது. ஓரத்தை மறைக்க பீடிங் என்கிற மெல்லிய மரச்சட்டம் வேண்டும். மயிலாப்பூரில் ஒரு மரக்கடைக்குப் போய் விரல் அகலத்தில் தேக்குச் சட்டங்கள் வாங்கினேன். அவற்றோடு பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் சிரித்தார்.

“இன்னா சார், வில்லு கீது... அம்பு எங்க?”

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தோம். முதல் ஆணியிலேயே ஒரு சட்டம் பிளந்துபோனது. சரி, ஆணி வேண்டாம், பசையே போதும் என்று முடிவு செய்தோம். பசை பிடிக்கும்வரை கையால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். சாந்தி மேல் முனை, நான் கீழ் முனை.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. கடல் காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வெயில் பட்ட இடத்தில் மரத்தூள் பொன்னாக மிதந்தது. தேக்கு வாசனை. தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் கண் சொக்கியது.

வாசலில் செருப்புச் சத்தம்.

சாந்தியின் நாத்தனார்! மாப்பிள்ளைக்கு மூத்தவர். சமாதானம் பேச வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“வாங்க அண்ணி. உக்காருங்க. கையை எடுக்க முடியாது, பசை காயணும்” என்றாள் சாந்தி, திரும்பாமலே.

அவர் உட்காரவில்லை.

“இது எதுக்கு?”

“என் துணிமணி வைக்க.”

“அப்போ... நீ வரப்போறதில்லை?”

“வர மாட்டேன்னு சொல்லலை அண்ணி. அவர் வரட்டும். வாயைத் திறந்து கூப்பிடட்டும்.”

இப்போது வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன். சட்டம் லேசாக வளைந்தது போலும், நடுவில் மெல்ல விலகத் தொடங்கியது. எனக்கும் எட்டவில்லை, அவளுக்கும் எட்டவில்லை.

“அய்யோ, நடுவுல விடுது!”

நாத்தனார் கைப்பையைக் கீழே போட்டார். இரண்டு உள்ளங்கையாலும் நடுவில் அழுத்திப் பிடித்தார்.

அப்புறம் மூன்று பேரும் நின்றோம். யாராலும் யாரையும் விட்டுப் போக முடியாது. முகம் பார்க்கவும் முடியாது – மூன்று பேருக்கும் எதிரே மரம்தான். காற்று வந்தது, போனது. எவ்வளவு நேரமோ...

“எங்கப்பாவும் இப்படித்தான்” என்றார் நாத்தனார் திடீரென்று, அலமாரியிடம் சொல்வதுபோல. “பேச மாட்டார். அம்மா சமையல்கட்டுல தனியாப் பேசிக்கிட்டு இருப்பாங்க. இவன் அப்போ சின்னப் பையன், கதவோரம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பான். உன்னை மாதிரி அம்மா ஒரு நாள் கிளம்பியிருந்தா...”

சாந்தியின் தோள் குலுங்கியது. ஆனால் கை மட்டும் நகரவில்லை.

“அழுவாதம்மா. சட்டம் ஆடுது பார்” என்றார் அவர். அவர் குரலும்தான் ஆடியது.

பசை பிடித்த பிறகு காபி சாப்பிட்டார். கிளம்பும்போது, “உன்னை வான்னு கூப்பிடத்தான் வந்தேன். கூப்பிட மாட்டேன். அவன்கிட்ட பேசிக்கிறேன்” என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டு, “சாந்தி, பீச் வரைக்கும் போலாமா?” என்றார். இருவரும் கடலோரச் சர்ச் பக்கம் நடந்து போனார்கள். இருட்டின பிறகுதான் அவள் திரும்பினாள், தனியாக.

“என்னம்மா பேசினார்?”

“முதல்ல, சுண்டல் வேணுமான்னு கேட்டார்ணா.” சிரித்தாள். “அப்புறம்... அவங்கம்மாவைப் பத்திப் பேசினார். பேசிக்கிட்டே இருந்தார்.”

அவள் இன்னும் போகவில்லை. போவாளா? தெரியாது. அவசரமும் இல்லை. நாளைக்கும் பீச்சுக்குப் போகிறார்களாம்.

யாருக்காவது சமாதானம் பேசப் போகிறீர்களா? எல்லோருடைய கையும் சும்மா இருக்கிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள்!