சூட்டில் திறந்த விரிசல்

ஒரு நேர்மையான மனிதரைத் திருடன் என்றேன். மலேசியாவின் கிள்ளானில், அவருடைய கார் பட்டறையிலேயே, வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னேன்.

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது. புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் சரியில்லை என்று ஸ்கேனர் காட்டும். அவர் அந்தப் பிழைக்குறியை அழித்து விளக்கை அணைத்துக் கொடுப்பார். பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்கு வந்த சில நாளில் மறுபடி எரியும். எனக்குத் தூக்கமே போயிற்று. கன்வெர்ட்டருக்குள் விலையுயர்ந்த உலோகம் உண்டு என்று யாரோ சொன்னார்கள்.

"ஒரிஜினலைக் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட் போட்டுட்டியா?" என்று கத்தினேன்.

"கீழ குனிஞ்சு பாருங்க அங்கிள்," என்றார். நான் குனியவில்லை.

செராஸில் வேறொரு மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றித் தூக்கினார். தொழிற்சாலை முத்திரையோடு என் பழைய கன்வெர்ட்டரே இருந்தது. அதை ஒட்டிய புகைக்குழாயில் மெல்லிய விரிசல்.

"சூடானாதான் திறக்குது பாஸ். வெளிக்காத்து உள்ள போய் சென்சாரைக் குழப்புது."

விரிசலை அங்கே பற்றவைத்து அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே கிள்ளானுக்கு ஓட்டினேன். கூட்டத்துக்கு நடுவே உரக்க மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்குக் கேட்டவங்க யாரும் இங்க இல்லையே அங்கிள். அவங்க திரும்பி வரல லா," என்றார். விரிசலை அவரே பற்றவைத்தார். விளக்கு பிறகு எரியவில்லை.

நான் திருடன் என்று கத்திய அன்று பட்டறையில் நின்ற வாடிக்கையாளர்களில் ஒருவரான பூக்கடைக்காரரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்படியா அங்கிள்? நான் இப்ப காரை வேற பட்டறையில விடுறேன்," என்றபடி அவர் மாலை கட்டிக்கொண்டிருந்தார்.